சும்மா கிடந்த புல்வெளி

1819-ம் வருடம், மே மாதம். கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி மலைக்குக் கிளம்பினார். அந்த வருடத்தில் அது அவருக்கு இரண்டாவது பயணம். ஜனவரியில் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு வந்து, சுவிட்சர்லாந்தையே தூக்கிக்கொண்டு வந்து வைத்த மாதிரி இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர், இந்த முறை கூடவே ஒரு கோஷ்டியைச் சேர்த்துக்கொண்டார். அந்தக் கோஷ்டியில் ஒரு நோயாளி. ஆள் பிழைப்பாரா என்பதே சந்தேகம் என்கிற நிலைமை. போதாக்குறைக்கு அவர் ஒரு பிரெஞ்சுக்காரர்.

வாட்டர்லூ சண்டை முடிந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. நெப்போலியன் செயின்ட் ஹெலினா தீவில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். இங்கே ஒரு வெள்ளைக்கார கலெக்டர், புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு பிரெஞ்சுக்காரரைப் பத்திரமாக மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்.

அவர் பெயர் ழான் பாப்டிஸ்ட் லெஷனோ த லா தூர். பிரான்ஸ் மன்னரின் இயற்கை ஆய்வாளர். அதாவது செடி கொடி ஆராய்ச்சிக்காரர். அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவரை கப்பலில் போய், வழியில் உடம்பு கெட்டு, திமோர் தீவில் இறக்கிவிடப்பட்டு, ஜாவாவில் சில வருடம் சுற்றி, அங்கேயுள்ள விஷ மரங்களையெல்லாம் ஆராய்ந்துவிட்டு ஊர் திரும்பிய மனிதர். 1816-ல் புதுச்சேரியை இங்கிலீஷ்காரர்கள் மறுபடி பிரெஞ்சுக்காரர்களிடம் ஒப்படைத்தார்கள் அல்லவா? அதே வருடம் இந்தியாவுக்குப் புறப்பட்டார். இங்கிருந்து விதைகளும் நாற்றுகளும் சேகரித்து பிரெஞ்சுத் தீவுகளுக்கு அனுப்புவது வேலை. கரும்பு, பருத்தி, இன்னும் என்னென்னவோ.

மலை ஏறியதும் ஆள் தேறிவிட்டார். சாகக் கிடந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்து செடி பறிக்க ஆரம்பித்துவிட்டார் என்பதே ஊட்டிக்குக் கிடைத்த முதல் விளம்பரங்களில் ஒன்று. பிற்காலத்தில் நீலகிரியின் வரலாற்றை எழுதிய வெள்ளைக்காரர்கள் இந்த விஷயத்தை விடாமல் குறிப்பிடுவார்கள். இன்றைக்கும் நீலகிரிச் சோலைக்குள் போனால் அவர் பெயரைச் சுமக்கும் செடிகளைப் பார்க்கலாம். வெள்ளைப் பூ பூக்கும் ஒரு காட்டுக் காசித்தும்பை இருக்கிறது. இம்பேஷன்ஸ் லெஷனோல்ட்டி. மஞ்சள் பூக் கொத்தோடு முள் இலையுடன் ஒரு புதர். மஹோனியா லெஷனோல்ட்டி. அவரது பெயரில் ஆஸ்திரேலியாவில் ஒரு தாவரப் பேரினமே உண்டு.

இந்தக் கதையை இப்போது தோண்டி எடுக்கக் காரணம், எங்கள் உப்பளத்திலிருந்து நாலு குடும்பம் சேர்ந்து நீலகிரிக்கு நடக்கப் போகிறோம். ஏற்பாடு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. உப்பளம் எப்படிப்பட்ட ஊர் என்று புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும். கடல் மட்டத்துக்கு என்ன உயரமோ அதுதான் எங்கள் உயரமும். ஏரியாவிலேயே உசரமான இடம் என்றால் ஸ்டேடியத்தின் கேலரிதான். அப்படிப்பட்ட இடத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே போய் நடப்பது என்றால் சும்மாவா?

எதிர்வீட்டு அண்ணன் கேட்டார். "போட் ஹவுஸ், ரோஸ் கார்டன், தொட்டபெட்டா, முடிஞ்சுது. இதுல பிளான் பண்ண என்ன இருக்கு?"

இருக்கிறது. போட் ஹவுஸுக்குப் போக பஸ் டிக்கெட் போதும். ஆனால், நான் நடக்க நினைத்த இடம் வேறு. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில், டவுனைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் இரண்டு பக்கமும் அலை அலையாகப் புல் மேடுகள் வரும். சினிமா பார்க்கும் எல்லோருக்கும் பரிச்சயமான இடம்தான். கதாநாயகனும் கதாநாயகியும் கையை விரித்துக்கொண்டு ஓடிவருவார்களே, அந்த மேடு. ஒன்பதாவது மைல் ஷூட்டிங் மட்டம் என்று ஆட்டோக்காரர்கள் சொல்வார்கள். சர்க்கார் ஏட்டில் அதன் பெயர் வென்லாக் டவுன்ஸ்.

டவுன்ஸ் என்றதும் ஏதோ டவுன் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். மரமில்லாத, புல் மூடிய மேட்டு நிலத்துக்கு இங்கிலாந்தின் தெற்குப் பகுதியில் அப்படிப் பெயர். வென்லாக் என்பவர் 1891 முதல் 1896 வரை மதராஸ் கவர்னராக இருந்த பிரபு. இந்தப் புல்வெளி ஆதியில் சுமார் இருபதாயிரம் ஏக்கர். எண்பது சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1900-ம் ஆண்டு அதைக் காப்புக்காடாக அறிவித்தார்கள்.

காடே இல்லாத இடம் காப்புக்காடு! முதலில் எனக்கு அதுதான் வேடிக்கையாகப் பட்டது. எதிலிருந்து காப்பாற்ற? யாருக்காக?

கொஞ்சம் பின்னால் போவோம். சல்லிவன் மலைக்கு வந்தபோது அது ஒன்றும் ஆளில்லாத பிரதேசம் அல்ல. தோடர்கள் எருமை மேய்த்துக்கொண்டிருந்தார்கள். படகர்கள் விவசாயம் செய்தார்கள். கோத்தர்கள் இரும்பு, மண்பாண்டம், இசை என்று கைத்தொழில் பார்த்தார்கள். இருளர்களும் குறும்பர்களும் சரிவுகளில் இருந்தார்கள். புல்வெளி முழுவதும் தோடர்களின் எருமைகளுக்கு. அங்கங்கே அவர்களது மந்துகள். மந்து என்றால் தோடர்களின் சிறு குடியிருப்பு. உதகமண்டலம் என்கிற பெயரே ஒற்றைக்கல் மந்து என்பதிலிருந்து வந்ததாக ஒரு விளக்கம் உண்டு.

சல்லிவன் முதலில் கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் பங்களா கட்டினார். அது இன்றைக்கும் புதுப்பிக்கப்பட்டு நினைவகமாக இருக்கிறது. பிறகு ஊட்டிக்கு வந்து 1822-ல் கல் பங்களாவுக்கு அஸ்திவாரம் போட்டார். இங்கே அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் இது கம்பெனி நிலம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, மலை தோடர்களுடையது, எடுத்தால் அவர்களுக்குப் பணம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று மேலிடத்தோடு மல்லுக்கட்டியவர் அவர். அதற்காக அவரை மகாத்மா ஆக்கிவிட வேண்டியதில்லை. தனக்கென்று அவர் வளைத்துப்போட்ட நிலம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால், இந்த நிலத்துக்குச் சொந்தக்காரன் ஒருவன் இருக்கிறான் என்று எழுதி வைத்த அதிகாரி அவர். அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அந்த எண்ணம் இல்லை. ஒவ்வொரு மந்தைச் சுற்றியும் இத்தனை ஏக்கர் என்று அளந்து கொடுத்துவிட்டு, மிச்சத்தை சர்க்கார் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

நான் பி.காம் படித்தவன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், எந்தச் சொத்தும் சும்மா இருக்கக் கூடாது. சும்மா இருந்தால் நஷ்டம். சர்க்கார் வருவாய்க் கணக்கும் இதே புத்திதான். நெல் விளைந்தால் நஞ்சை. கம்பு விளைந்தால் புஞ்சை. வரி வராத நிலம் தரிசு, புறம்போக்கு. அந்தக் கடைசி வார்த்தையை நாம் மனிதர்களைத் திட்டவே உபயோகிக்க ஆரம்பித்துவிட்டோம் என்பதிலிருந்து அதன் மரியாதையைத் தெரிந்துகொள்ளலாம். நீலகிரிப் புல்வெளி முழுக்க அந்தத் தலைப்பின் கீழ்தான் வந்தது. வரி வராத நிலம். வேஸ்ட் லேண்ட்.

ஊட்டி வளர வளர விறகுக்குப் பஞ்சம் வந்தது. குளிர் நாடு ஆயிற்றே, ஒவ்வொரு பங்களாவிலும் கணப்பு எரியும். பள்ளங்களில் திட்டுத் திட்டாக இருந்த சோலைக் காடுகளை வெட்டித் தீர்த்தார்கள். அப்புறம் மாற்று வழி யோசித்தார்கள். சும்மா கிடக்கிற புல்வெளியில் வேகமாக வளரும் மரத்தை வைத்தால் என்ன? 1830-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில் மரம் வந்தது. 1843-ல் யூகலிப்டஸ். நாம் தைலம் என்று தலைவலிக்குத் தேய்த்துக்கொள்கிறோமே, அந்த மரம். ஊட்டிக்குப் போய்விட்டு வருகிற யாரும் ஒரு பாட்டில் வாங்காமல் வருவதில்லை. நீலகிரித் தைலம் என்று பெயர் வேறு. நீலகிரிக்கும் அதற்கும் இருநூறு வருட உறவுகூடக் கிடையாது.

இதுபோக, வீட்டு ஞாபகம் வந்த துரைமார்களும் துரைசானிகளும் தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்த புதர்கள். மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும். கோர்ஸ், ஸ்காட்ச் புரூம் என்று பெயர். இவை வேலி தாண்டிப் புல்வெளிக்குள் ஓடிவிட்டன. இப்போது நம் ஆட்கள் அந்த மஞ்சள் பூவின் முன்னால் நின்றுதான் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, வென்லாக் டவுன்ஸை மட்டும் ஏன் விட்டு வைத்தார்கள்? நரியால்!

நிஜமாகத்தான் சொல்கிறேன். இங்கிலாந்துப் பிரபுக்களுக்குக் குதிரையேறி, ஒரு கூட்டம் வேட்டை நாய்களை ஏவி, நரியைத் துரத்துவது பெரிய விளையாட்டு. அதற்கு மேடு பள்ளமான, மரம் குறுக்கிடாத, குதிரை தலைதெறிக்க ஓடக்கூடிய திறந்தவெளி வேண்டும். அப்படி ஒன்று ஊட்டியில் கிடைத்தது. ஊட்டியில் அவர்கள் ஊர் நரி கிடைக்கவில்லை. குள்ளநரி கிடைத்தது. போதுமே! 1840-களில் தொடங்கி சிவப்புக் கோட்டும் கொம்பு வாத்தியமுமாகத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அவர்களுக்கு ஒரு கவலை வந்தது. ஒரு பக்கம் உருளைக்கிழங்கு போடுகிறார்கள். இன்னொரு பக்கம் தேயிலை. நடுவில் யூகலிப்டஸ் தோப்பு. இப்படியே போனால் குதிரை ஓட்ட இடம் ஏது? வென்லாக் பிரபுவே வேட்டைப் பிரியர். 1882-ம் வருட மதராஸ் வனச்சட்டம் கையில் தயாராக இருந்தது. அதைக்கொண்டு புல்வெளியை வளைத்துக் காப்புக்காடு என்று அறிவித்தார்கள். பட்டா கிடையாது, உழவு கிடையாது.

எருமை மேய்ச்சலுக்கு இடம் விட்டார்கள். ஆனால், தோடர்கள் வருடா வருடம் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பார்கள். புதுப் புல் துளிர்க்கவும் புதர் மண்டாமல் இருக்கவும் தலைமுறை தலைமுறையாக அவர்கள் கண்ட வழி அது. வனச்சட்டத்தின் கண்ணுக்கு அது குற்றம். நிறுத்தப்பட்டது. மஞ்சள் பூப் புதருக்குக் கொண்டாட்டம்.

இப்படியாக, ஒரு சில நூறு துரைமார்களின் சனிக்கிழமைப் பொழுதுபோக்குக்காக எண்பது சதுர கிலோமீட்டர் புல்வெளி தப்பித்தது. நோக்கம் எப்படியோ, தப்பித்தது தப்பித்ததுதான். பக்கத்துக் குன்றெல்லாம் தேயிலையாகிவிட்ட பிறகும் இது புல்லாகவே நின்றது.

துரைமார்கள் போனார்கள். சுதந்திர சர்க்கார் வந்தது. நம்மவர்களுக்கு நரி வேட்டை மோகம் இல்லை. தொழில் வளர்ச்சி மோகம் இருந்தது. தப்பு சொல்ல முடியாது, நாடு இருந்த நிலைமை அப்படி. மறுபடியும் கணக்குப் புத்தகம் திறக்கப்பட்டது. இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே!

சாண்டிநல்லாவில் ஆட்டுப் பண்ணை வந்தது. அதன் பக்கத்தில் அணை கட்டினார்கள். காமராஜ் சாகர். கோல்ஃப் மைதானம் ஏற்கெனவே இருந்தது. 1960-ல் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொடங்கப்பட்டது. தூசி இல்லாத, குளிர்ந்த காற்று வேண்டும் என்பதால் ஊட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்து என்ற பெயரில் ஃபிலிம் ரோல் வரும், நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்துதான். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பி வாழ்ந்தன. அப்புறம் டிஜிட்டல் வந்தது. ஃபேக்டரி நொடித்துப் படுத்து, கடைசியில் மூடியே போனது. அதன் பெயரில் உண்டான இந்து நகர் மட்டும் இருக்கிறது.

கட்டடங்கள்கூடப் பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் மரம். தோல் பதனிட வாட்டில் பட்டை வேண்டும். சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழ் வேண்டும். வனத்துறையே முன்னால் நின்று நீலகிரிப் புல்வெளிகளில் வாட்டிலும் யூகலிப்டஸும் நட்டது. 1980-களின் இறுதிவரை இது நடந்தது. அதற்குப் பிறகு நடுவதை நிறுத்தினார்கள். ஆனால், வாட்டில் நிறுத்தவில்லை. அதற்கு ஆள் வைத்து நடவேண்டிய அவசியமே இல்லை. விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் காத்திருக்கும். ஒரு தீ பட்டால் போதும், மொத்தமாக முளைத்துவிடும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரப் பகுதிகளைச் செயற்கைக்கோள் படங்கள் மூலம் ஆராய்ந்து 2019-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. 1972-க்கும் 2017-க்கும் இடையில் சுமார் 340 சதுர கிலோமீட்டர் மலைப் புல்வெளி அந்நிய மரங்களுக்குப் பறிபோயிருக்கிறது என்றது அந்த ஆய்வு. கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. எங்கள் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கையும் சேர்த்தாலே ஐந்நூறு சதுர கிலோமீட்டர் தேறாது. ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் மரம் நடுவதைப் பாவம் என்று யாராவது சொன்னால் அடிக்க வருவார்கள். எனக்கே ஒத்துக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஸ்கூலில் வருடத்துக்கு ஒரு மரக்கன்று நட்டு வளர்ந்த தலைமுறை நாம். காடு என்றால் மரம். மரம் இல்லாவிட்டால் அது யாரோ வெட்டிவிட்ட இடம். இப்படித்தானே மனசில் பதிந்திருக்கிறது? அந்தப் புல்வெளியும் ஒரு காலத்தில் காடாக இருந்து, தோடர்கள் தீ வைத்து அழித்ததால் புல்லாகியிருக்கும் என்று ரொம்ப நாள் படித்தவர்களே நம்பினார்கள்.

இல்லை என்று காட்டுவதில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. புதுச்சேரி கடற்கரைக்குப் பக்கத்தில், செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்ச் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. 1955-ல் ஆரம்பிக்கப்பட்டது. வாக்கிங் போகிற நூறு பேரில் ஒருவருக்குக்கூட உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. அங்கே ஒரு மகரந்த ஆய்வுக்கூடம். அதை உலக அளவில் பெயர் சொல்லும்படி வளர்த்தவர் கணபதி தணிகைமணி. 1986 செப்டம்பர் 5-ம் தேதி கராச்சியில் பான் ஆம் விமானம் கடத்தப்பட்டதே, அதில் கொல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர்.

மகரந்தத்தில் என்ன ஆராய்ச்சி என்று கேட்கலாம். நீலகிரியில் பள்ளங்களில் சதுப்பு நிலம் உண்டு. சுற்றியுள்ள செடி, மரம், புல் எல்லாவற்றின் மகரந்தமும் காற்றில் பறந்து வந்து அந்தச் சேற்றில் விழும். குளிரும் ஈரமும் இருப்பதால் மக்காமல் அப்படியே படிந்துவிடும். அடுத்த வருடம் அதன்மேல் இன்னொரு படிவு. சுருக்கமாகச் சொன்னால் அது ஒரு பேரேடு. யாரும் திருத்தி எழுத முடியாத பேரேடு. ஆழமாகத் தோண்டி, ஒவ்வொரு அடுக்கிலும் எந்தத் தாவரத்தின் மகரந்தம் எத்தனை என்று எண்ணினால், அந்தக் காலத்தில் அங்கே என்ன வளர்ந்தது என்று சொல்லிவிடலாம். பிரெஞ்ச் இன்ஸ்டிட்யூட்டின் ஜி. வசந்தி 1988-ல் அப்படி ஒரு சதுப்பை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். எந்த இடத்துச் சதுப்பு தெரியுமா? சாண்டிநல்லா. நாம் பேசிக்கொண்டிருக்கிற அதே இடம். 1993-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் அவரது சகாக்களும் நீலகிரிச் சதுப்பு மண்ணின் கார்பனை ஆராய்ந்து இருபதாயிரம் வருடத்துக் கதையை எடுத்துச் சொன்னார்கள்.

புல் அங்கே புதுசாக வந்து குடியேறியது அல்ல. பனியுகத்தின் உச்சத்திலேயே இருந்திருக்கிறது. தட்பவெப்பம் மாறும்போது சோலை கொஞ்சம் ஏறும், புல் கொஞ்சம் இறங்கும். பிறகு மாறி நடக்கும். இரண்டும் இல்லாமல் அந்த மலை இல்லை. குளிர்காலத்து உறைபனி புல்வெளியில் முளைக்கும் சோலை மரக்கன்றுகளைக் கருக்கிவிடுகிறது. பள்ளத்துக்குள் பெரிய மரங்களின் அடியில் மட்டுமே அவற்றுக்கு வாழ்வு. வெளியூரிலிருந்து வந்த வாட்டிலுக்கு அந்தப் பனி ஒரு பொருட்டே இல்லை.

புல் இருந்தால் என்ன, மரம் இருந்தால் என்ன, பச்சையாக இருந்தால் சரி என்று சொல்பவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. ஊட்டியில் மத்திய அரசின் மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் ஒன்று உண்டு. கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள். இன்னொன்றில் 1972-ல் யூகலிப்டஸ் நட்டார்கள். பத்து வருடம் ஓடையில் வரும் தண்ணீரை அளந்தார்கள். மரம் வைத்த பக்கம் தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள். இங்கே மரமே ஊற்றிக்கொண்டுவிட்டது.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? நீலகிரியின் வடக்குச் சரிவு ஓடைகள் மோயாற்றில் கலக்கின்றன. மோயாறு பவானியில். பவானி, ஈரோடு மாவட்டத்தில் காவிரியில். காவிரி எங்கெங்கோ பிரிந்து, கடைசியாகக் காரைக்கால் வருகிறது. காவிரி வழக்கில் 2007-ல் நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டி.எம்.சி. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதில் கை வைக்கவில்லை. அந்த ஏழு வரவில்லை என்று வருடா வருடம் குறுவைச் சமயத்தில் எங்கள் சட்டமன்றத்தில் சத்தம் போடுகிறார்கள். மேட்டூரைப் பார்த்து, கர்நாடகத்தைப் பார்த்துச் சத்தம் போடுகிறவர்கள், ஊட்டிப் புல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

தோடர்களுக்கு நஷ்டம் இன்னும் நேரடியானது. அவர்களது பாரம்பரியக் கோயிலுக்கு, பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி இருக்குமே, அதற்குக் கூரை வேயச் சதுப்பில் வளரும் ஒரு தனிப் புல் வேண்டும். எல்லாப் புல்லும் ஆகாது. சுற்றிலும் மரம் வைத்ததில் சதுப்புகள் வற்ற, அந்தப் புல்லைத் தேடிப் பல மைல் அலைய வேண்டியதாகிவிட்டது.

இப்போது காற்று கொஞ்சம் திசை மாறியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் அந்நிய மரங்களை அகற்றச் சொல்லித் தொடர்ந்து உத்தரவுகள் போட்டது. 2022-ல் தமிழக அரசு இதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. வெட்டுவது சுலபம், மறுபடி புல் வளர்ப்பது கஷ்டம். விதை விதைத்து நாற்று வைத்து, கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். தவிர, வாட்டில் வெட்டிய இடத்தில் மறுபடி வாட்டிலே முளைக்கும். பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு? யாரும் தேதி சொல்லவில்லை.

நாங்கள் போகும் விஷயத்துக்கு வருகிறேன். இஷ்டத்துக்குப் புல்லுக்குள் இறங்கி நடக்க முடியாது. காப்புக்காடு, வனத்துறை அனுமதி வேண்டும். இதில் அலட்சியம் கூடாது என்பதற்கு நம் கண் முன்னால் ஒரு கொடூரம் நடந்தது. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறி இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்கள் காட்டுத் தீயில் சிக்கின. இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயதுக்காரர்கள். மார்ச் மாதத்துக் காய்ந்த புல்லில் தீ, சரிவில் மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனுஷன் ஓட முடியாது. அதே வருடம் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்ற திட்டம் வந்தது. மாநிலம் முழுக்க 40 பாதைகள். ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். உள்ளூர் ஆட்கள், பழங்குடியினர் உட்பட, பயிற்சி பெற்று வழிகாட்டியாகக் கூட வருவார்கள். 2025-ல் தீ அபாயக் காலம் என்று பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பாதைகளை மூடிவிட்டார்கள். மூடியது சரி. ஸ்கூல் லீவுக்கு ஒத்துவரவில்லையே என்று புலம்பக் கூடாது.

எங்கள் கோஷ்டியில் அறுபதைத் தாண்டியவர் ஒருவர், பத்து வயதுப் பையன் ஒருவன். அதனால் முதல் நாள் ஊட்டி டவுனை ஒட்டிய கெய்ர்ன் ஹில். சுலபமான பாதை, மூச்சு பழகவும் ஆகும். தெம்பாக இருப்பவர்கள் மட்டும் இன்னொரு நாள் பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்குருத்தி ஹட் வரை. முக்குருத்தி 1990-ல் தேசியப் பூங்கா ஆனது. 78 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வரையாடு இருக்கும் இடம். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. செத்தவர்களின் உயிர் அந்தப் பக்கம்தான் போகும் என்பது தோடர்களின் நம்பிக்கை. மிச்ச நேரத்தில் வென்லாக் டவுன்ஸை, சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டிருக்கும் மேட்டிலிருந்து ஆற அமரப் பார்ப்பது.

காரில் போவதானால் இ-பாஸ் வேண்டும். 2024 மே 7-லிருந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி நடைமுறைக்கு வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று கணக்கு வைத்தார்கள். அரசு பஸ்ஸில் போனால் இந்தத் தொல்லை இல்லை. ராத்திரி பஸ் பிடித்துக் கோவை, அங்கிருந்து மேட்டுப்பாளையம், டிக்கெட் கிடைத்தால் மலை ரயில் என்று முடிவு. குன்னூர் வரை 1899-ல் ஓட ஆரம்பித்த வண்டி, ஊட்டி போய்ச் சேர 1908 ஆகிவிட்டது. நமக்கு அரை நாளில் போய்விடும். பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் அந்த மாவட்டத்தில் தடை. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்வீட்டு அண்ணன் லிஸ்ட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, "குறிஞ்சிப் பூ உண்டா?" என்றார். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை. 2006, 2018. அடுத்தது 2030. அது பூப்பதும் புல்வெளிச் சரிவில்தான். வாட்டில் நிழலில் பூக்காது.

மாதம் டிசம்பர் என்று முடிவாகியிருக்கிறது. மழை ஓய்ந்திருக்கும், தீ பயம் இருக்காது. விடியற்காலையில் பள்ளத்துப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும், வெயில் ஏறியதும் பழுப்பாகிவிடும். ஸ்வெட்டர் இல்லாதவர்கள் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் இப்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.